பயனாளர் என்ற கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

பெட்ரோல் பங்கில் முக்கால் மணி நேரம் நின்றேன். டேங்கர் லாரி வரவில்லை என்றார்கள். வந்தபோது அது திரும்புவதற்குத் தெருவையே அடைத்துக்கொண்டது. எனக்கு முன்னால் நின்ற மளிகைக்கடைக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே சொன்னார்: "அந்தக் குழாய் மட்டும் வந்துட்டா இந்த லாரித் தொல்லையே இருக்காது சார். துறைமுகத்துல திறந்தா நேரா இங்க வந்து கொட்டும். விலையும் குறையும்."

வீட்டில் வந்து சொன்னேன். "வேலையை விட்டு ஆறு வருஷமாச்சு, நீங்க அப்படி எங்க போகப் போறீங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். நூலகம், மருந்துக்கடை, மகள் வீடு. மகள் வீடு தூரம். அதற்காகத்தான் ஸ்கூட்டரை விற்காமல் வைத்திருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

குழாய் போடும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மக்கள் தொடர்பு அலுவலராம். அவர் ஷூவில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அவர் படியிறங்கியதுமே மனைவி "பளபளா" என்று பேர் வைத்துவிட்டாள்.

மக்களுக்கு விளக்கக் கையேடு ஒன்று அச்சடிக்கிறார்கள். பதினாறு பக்கம். மொழிநடை சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்துத் தர வேண்டும். "உங்ககிட்டத் தமிழ் படிச்சவங்கதானே சார் இந்தப் பகுதியில பாதிப் பேர். நீங்க பார்த்துக் கொடுத்தீங்கன்னா அதுக்கு ஒரு மதிப்பு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. என் நோட்டில் நானே எதை மறைக்க?

பக்கத்துக்கு மூன்று நான்கு பிழை. சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தால் மை காய்ந்து கிடக்கிறது. நாளை புதிது வாங்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

முடித்தேன். ஒற்றுப் பிழை மட்டும் நாற்பத்திரண்டு. பளபளா அசந்துபோனார். ஏப்ரலில் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பயனாளர் பிரதிநிதியாக மேடையில் உட்கார வேண்டுமாம். சரி என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

நூலகக் கூடத்தில் படிவம் நிரப்பும் வேலை. பளபளா என்னிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்து, "நீங்க சொன்னா புரியும் சார்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

படிவத்தில் இரண்டு கட்டம். ஒன்று "பயனாளர்", மற்றது "பாதிக்கப்படுவோர்". ஏதாவது ஒன்றில்தான் குறியிடலாம். ஆறு வருடத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வகுப்பு கிடைத்தது. நன்றாகவே நடத்தினேன். "பயன் கொள்கிறவர் பயனாளர். வண்டி வச்சிருக்கீங்களா? கடைக்கு லாரியில சாமான் வருதா? அப்ப நீங்க பயனாளர். பாதிக்கப்படுவோர்ங்கிறது எதிர்காலம். இன்னும் ஒண்ணும் நடக்கலையே."

பின்வரிசையில் நர்சரிக்காரி எழுந்தாள். புறவழிச்சாலைக்குப் பின்னால் செடி வளர்த்து விற்கிறவள். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். அப்போதும் கேள்வி கேட்பாள். "சார், குழாய் என் நிலத்து வழியாத்தான் போகும்னு பேசிக்கிறாங்க. அப்ப நான் ரெண்டுமேதானே?"

"ஒண்ணுதான் போட முடியும்மா. ஒரு பையன் தினமும் லேட்டா வர்றான், ஆனா முதல் மார்க் வாங்குறான். சர்டிபிகேட்ல நாம எதை எழுதுவோம்?"

கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பயனாளர் கட்டத்தில் குறியிட்டாள். மொத்தம் முப்பத்தொரு பேர், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுபோல ஒரே மாதிரி.

மார்ச் 16, ஞாயிறு

"மேடையிலயாப்பா?" என்று மகள் போனில் கேட்டாள். மேடையில்தான் என்று இரண்டு தடவை சொன்னேன்.

மார்ச் 27, வியாழன்

நர்சரிக்காரி காலையிலேயே வந்தாள். உட்காரவில்லை. நேற்று அளவைக்காரர்கள் வந்து அவள் நிலத்தில் சிவப்புக் குச்சி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தாய்மரங்களுக்கு நடுவே. பதினெட்டு வருடத்து எலுமிச்சை, கொய்யா. அவற்றிலிருந்துதான் அவள் விற்கும் செடியெல்லாம் பிறக்கிறது. தொட்டியில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போகலாம், இவற்றை முடியாது. குழாய் போன இடத்துக்கு மேலே ஆழமாக வேர் விடும் எதையும் பிறகு வைக்கவும் கூடாதாம். நூறடி தள்ளி சாலையோரம் வெறும் புறம்போக்குத்தான். அந்த வழியாகப் போங்கள் என்று எழுதிக் கொடுக்க அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்த எழுத்தர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீங்க பயனாளர் ஆச்சேம்மா. ஆட்சேபம் வாங்க மாட்டோம்" என்றாராம். கட்டத்தை மாற்றித் தாருங்கள் என்றால், பட்டியல் இருபத்தைந்தாம் தேதியோடு மூடியாயிற்று.

கையேட்டை விரித்து நீட்டினாள். பதினோராம் பக்கம், கீழே. "ஆட்சேபம் தெரிவிக்கத் தகுதி பெற்றவர், பாதிக்கப்படுவோர் கட்டத்தில் குறியிட்டவர் மட்டுமே."

"இது உங்களுக்குத் தெரியுமா சார்?"

தெரியாதும்மா என்றேன்.

திட்டவில்லை. கையேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு, அச்சானதும் பளபளா திருப்பித் தந்திருந்த, நான் திருத்திய படியை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். பதினோராம் பக்கம், கீழே, அதே வரி. "தெரிவிக்க தகுதி" என்று இருந்திருக்கிறது. நடுவில் சிவப்பு மையில் ஒரு "த்". என் கையெழுத்து.

மார்ச் 28, வெள்ளி

அந்த வரியைப் படித்தேனா? படித்தேன். படிக்காமல் ஒற்று எப்படிப் போட முடியும்? அப்படியானால் தெரியாது என்று அவளிடம் சொன்னது என்ன? பொய்யா? பொய் என்றாவது சொல்லிக்கொள்ளலாமா? பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்த வரியில் ஒரு எழுத்துக் குறைவது மட்டும்தான் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியைத் துடைக்கிறவன் வெளியே யார் விழுந்தார் என்று பார்க்காத மாதிரி —

எடுத்துக்காட்டு நன்றாக வந்துவிட்டது. சே. இதுக்குமா எடுத்துக்காட்டு.

ஏப்ரல் 1, செவ்வாய்

பளபளாவின் அலுவலகம். கண்ணாடிக் கதவு, குளிர், சுவரெல்லாம் வரைபடம். பட்டியலைத் திறக்க வழி உண்டா என்று கேட்டேன்.

"அது நீங்களே திருத்தின வரிதானே சார்?" என்றார். குரலில் ஒரு துளி கோபம் இல்லை. "ஒற்றெல்லாம் போட்டுக் கொடுத்தீங்களே."

"நான் சொல்லித்தான் அந்தப் பொண்ணு டிக் போட்டுச்சு."

"நல்லாத்தான் சொன்னீங்க. வழியை மாத்தினா வேலை ஆறு மாசம் தள்ளிப்போகும் சார். இன்னும் ஆறு மாசம் பங்க்ல வரிசையில நிக்கிறீங்களா?"

நிற்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். காபி வந்தது. குடித்தேன்.

ஏப்ரல் 5, சனி

பட்டியலை மறுபடி திறக்கச் சொல்லி ஒரு மனு எழுதி, அன்று குறியிட்ட முப்பத்தொரு பேரையும் தேடிப் போனேன். பாதி வீட்டில் ஆள் இல்லை, அல்லது இல்லை என்று சொல்லச் சொன்னார்கள்.

மளிகைக்கடைக்காரர் தராசில் பருப்பைக் கொட்டிக்கொண்டே பேசினார். "அந்தம்மாவுக்கு நஷ்டஈடு வரும். நமக்கு விலை குறையும். இதுல யாருக்கு என்ன சார் நட்டம்?"

"அவளோட மரமெல்லாம் போயிடும்யா."

"ஒருத்தர் மரத்துக்காக ஊரே லாரிக்குப் பின்னாடி நிக்கணுமா? நாமெல்லாம் பயனாளர்னு நான் சொல்லல. போன மாசம் நீங்க மைக்குல சொன்னதுதான். நீங்க சொல்லி டிக் போட்டோம், இப்ப நீங்களே வந்து அழிங்கன்னா எப்படி? ஒரு பக்கமா நில்லுங்க சார்."

அவர் கெட்டவர் இல்லை. நான் ஒலிபெருக்கியில் பேசியபோது எப்படி இருந்தேனோ அப்படித்தான் அவரும் இருக்கிறார். ஆறு கையெழுத்து கிடைத்தது. அதில் ஒன்று என் மனைவியுடையது.

ஏப்ரல் 10, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

மேடையில் நாற்காலி. சட்டைப்பையில் "பயனாளர் பிரதிநிதி" என்ற அட்டை. எனக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் அவளுடைய ஆட்சேபத்தை நான் வாசித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். மனைவி மூன்றாவது வரிசை. நர்சரிக்காரி கடைசி வரிசை, வாசலை ஒட்டி.

எழுந்தேன். முன்னால் முந்நூறு முகம். அதில் பாதி என் வகுப்பில் உட்கார்ந்த முகம். தாளில் முதல் வரி இப்படி எழுதி வைத்திருந்தேன்: "நான் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன்." வாய் திறந்தபோது வந்தது வேறு. "படிவத்தை நிரப்பும்போது சிலர் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டார்கள். அவர்களைக் கருணையோடு பார்க்க வேண்டும்."

சிலர். தவறாக. புரிந்துகொண்டுவிட்டார்கள்.

முப்பத்து நான்கு வருடம் வாத்தியாராக இருந்தவன் எப்போதும் சொல்கிற வாக்கியம்தான் அது. பாடம் சரி, பையன்கள்தான் கவனிக்கவில்லை. நாக்கு தானாகவே அங்கே போய்விட்டது. பிறகு சாலையோர வழியைப் பற்றிச் சொன்னேன், மரங்களைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் சொன்னேன். ஆனால் அதற்குள் கடைசி வரிசையில் அந்த நாற்காலி காலியாக இருந்தது.

பதிவேட்டில் எழுதினார்கள்: "பயனாளர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்."

ஏப்ரல் 11, வெள்ளி

மனைவி சாப்பாடு போட்டாள். தட்டை எடுக்கும்போது கேட்டாள்: "தப்பாப் புரிஞ்சுக்கிட்டது யாருங்க?"

அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். நான்கு வரி. நர்சரி நடத்துபவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. பதினோராம் பக்கத்தைத் திருத்திக் கொடுத்தவன் நான், அதைச் சொல்லாமல் மறைத்து அவரைக் குறியிட வைத்தவனும் நான். திருத்திய படியையும் அந்தச் சிவப்பு "த்"தோடு இணைத்திருக்கிறேன். "சொல்லாமல் மறைத்து" என்பதா, "கவனிக்காமல்" என்பதா என்று வெகுநேரம் யோசித்தேன். கவனிக்காமல் என்றால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கும். அதனால் மறைத்து என்றே விட்டேன்.

நகல் ஒன்றை நர்சரியின் தபால்பெட்டியில் போட்டேன். மணி அடிக்கத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

பதில் வந்தது. வழி மாறாது. ஆனால் "கடிதத்தில் கண்ட சூழ்நிலையைக் கருதி" அந்த ஒரு நிலத்தில் மட்டும் தோண்டும் வேலை மூன்று மாதம் தள்ளி வைக்கப்படும்.

மாலையில் நர்சரிப் பக்கம் போனேன். அவளுக்கும் தாள் வந்திருக்க வேண்டும். தாய்மரத்தில் ஏணி சாத்திப் பதியன் கட்டிக்கொண்டிருந்தாள். கிளையில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டையைச் சீவி, ஈரப்பாசி வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி இறுக்குகிறாள். அங்கே வேர் விட்டால் வெட்டித் தனிச் செடியாக வைக்கலாம். மரம் முழுக்கச் சிறுசிறு பொட்டலம். அடிபட்ட பிள்ளைக்குக் கட்டுப் போட்ட மாதிரி.

கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 30, புதன்

இன்று மரங்களை வெட்டுகிறார்கள் என்று தெரியும். மருந்துக்கடைக்குச் சுற்றுவழியில் போனேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பத்து நாளாகக் குழாயில் பெட்ரோல் வருகிறது. பங்கில் வரிசை இல்லை, லாரி இல்லை. லிட்டருக்குக் கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது. எந்திரத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒரு நொடி, இரண்டு நொடி. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டே பொய்யாகிவிடும்.

அதே பெட்ரோலில் நர்சரிக்குப் போனேன். பழைய இடம் இல்லை. ஊருக்கு அந்தப் பக்கம், ஒரு கிடங்கின் பின்னால் வாடகைக்கு எடுத்திருக்கிறாள். கால்வாசிதான் இருக்கும். எலுமிச்சைப் பதியன்கள் ஒரு வரிசையாக நின்றன, முழங்கால் உயரம். எண்ணக் கூடாது என்று நினைத்தேன்.

"வாங்க. என்ன வேணும்?" என்றாள்.

வருகிற எல்லாரிடமும் கேட்பதுபோலத்தான் கேட்டாள். கடுமை இல்லை. சார் என்ற சொல் இல்லை. எலுமிச்சை ஒன்று என்றேன்.

"தொட்டிக்கு ஆகாது. தரையில வைக்க இடம் இருக்கா?"

"சுவரோரம் கொஞ்சம் இருக்கு."

"சுவர் ஓரமா வைக்காதீங்க, அஞ்சடி தள்ளி வைங்க. மூணு வருஷம் காய்க்காது. நாலாவது வருஷம்கூட எல்லாப் பூவும் நிக்காது. முள் இருக்கு, பேரப்பிள்ளைங்க வந்தா பார்த்துக்கணும். வேர் ஆழமாப் போகும், பக்கத்துல தண்ணிக்குழாய் எதுவும் இருந்தா இதை வாங்காதீங்க."

ஒவ்வொன்றாக, என் முகத்தைப் பார்த்து, எனக்குப் புரிந்ததா என்று நின்று நின்று சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் செடியைக் கையில் கொடுத்தாள்.