சாக்பீஸில் எழுதிய ஆறு மணி

இன்று மதியம் எதிர்வீட்டுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது, பங்காருபேட்டையிலிருந்து, திறந்த ஆட்டோவில், வெயிலிலேயே. இறக்கிவிட உதவப் போய்க் கை வைத்தேன். சுட்டது. அப்படியே நின்றுவிட்டேன். உன் சிலிண்டரும் இதே சூட்டில்தான் வந்தது.

சுரங்கத்தில் நீ காற்று சோதிக்கும் வேலையில் இருந்தபோது, என் வகுப்புக்காக ஒரு கண்ணாடிக் குடுவையைக் கீழே கொண்டுபோய் அடி ஆழத்துக் காற்றைப் பிடித்து மூடிவந்தாய். அங்கே அழுத்தம் அதிகம், காற்று நெருங்கிக் கனக்க வேண்டும். சூடும் அதிகம், விரிந்து லேசாக வேண்டும். எது ஜெயிக்கும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள். சுரங்கத்து லிஃப்டான கேஜிலிருந்து இறங்கிய புழுதி முகத்தோடு நேரே பள்ளிக்கு வந்து குடுவையைத் தராசில் வைத்தாய். மேலே பிடித்த காற்றைவிட அது கனத்தது.

"இன்னா வாத்தியாரே, அழுத்தமும் சூடும் ஆளுக்கொண்ணு சொல்லும். நீ தராசுகிட்ட கேளு" என்றாய்.

அந்தப் புழுதிதான் பிறகு உன் நுரையீரலைத் தின்றது.

உன் சிலிண்டர் வந்த அன்று, அதைக் கட்டிலருகே நிறுத்தியதும் மீட்டர் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். 'மாலை 6 வரை' என்று சாக்பீஸால் அதன்மேல் பெரிதாக எழுதினேன். முகமூடிக்குள்ளிருந்து நீ முனகினாய்: "சுடுது பா அது. ஆறட்டும், அப்பறம் முள்ளப் பாரு."

"உனுக்கு இன்னும் ஷிப்ட் முடியலியா?" என்று சிரித்துவிட்டு, அடுத்த சிலிண்டர் கொண்டுவர ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

சூட்டில் முள் ஏறும், உள்ளே இருக்கிற வாயு ஏறாது. வெயிலில் விறைக்கும் சைக்கிள் டியூபைக் காட்டி முப்பது வருடம் இதைத்தான் நடத்தினேன்.

உன் மனைவி முள்ளைப் பார்க்கவில்லை. என் எழுத்தை நம்பினாள். ஐந்தரைக்கு நான் புதியதோடு வந்தபோது முள் பூஜ்யத்தில் நின்றிருந்தது; அவள் உன் குளிர்ந்த காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "இன்னும் ஆறு ஆகலியே அண்ணே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இப்போது, "அவுரு நேரம் அவ்ளோதான் அண்ணே" என்கிறாள். நானும் தலையாட்டுகிறேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று எதிர்வீட்டுச் சிலிண்டரை நிழலில் நிறுத்தி, ஈரச் சாக்கு போர்த்தினேன்.

"எத்தினி மணி வரிக்கும் வரும் சார்?" என்று கேட்டாள் அந்த வீட்டு மருமகள்.

"பழசுல இன்னும் இருக்கில்லமா. இது ஆறட்டும்."

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இரும்பு குளிரக் குளிர முள் இறங்கியது. ஒரு விரல்நகத்தின் அகலம்தான். அன்று நான் உனக்குக் கூட்டி எழுதியது அந்த அகலம்.

அதை உன் மனைவியிடம் எப்படிச் சொல்வேன், சொல்.