வடகரையில் பன்னிரண்டு கூடுகள்

பிப்ரவரி 6

அன்புள்ள குச்சிக்கு,

நலமா? புதுப் பள்ளியிலாவது உன்னை முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்களா? இங்கே உன் இடத்தில் உடைந்த பூகோள உருண்டை உட்கார்ந்திருக்கிறது. உன்னைவிடக் குறைவாகப் பேசுகிறது.

இந்தக் கடிதத்தை நாலாவது தடவையாகத் தொடங்குகிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. ஊரை விட்டுப் போகும் முன் நீ நம் பள்ளி இயற்கை மன்றப் பதிவேட்டில் ‘ஏரி வடகரை, தாழைக்கோழிக் கூடுகள்: 12’ என்று எழுதினாயே, அதை நம்பி, அந்த நீர்ப்பறவைகள் குஞ்சு பொரிக்கட்டும் என்றுதான் நாணல் அறுப்பவர்கள் மூன்று வாரமாக வடகரையில் கால் வைக்கவில்லை. நேற்று மறு எண்ணிக்கைக்குப் போனேன். முழங்கால் வரை சேறு. மூன்று தடவை எண்ணினேன். சாய்ந்த மரத்துக்குக் கீழே இரண்டு கூடுகள், அவ்வளவுதான். மீதிப் பத்து இருந்த தடமே இல்லை. ஒரு முட்டை ஓடுகூட இல்லை.

நாணல் மேஸ்திரி அக்கா தினமும் குழாயடியில் பிடித்துக்கொள்கிறார். “என்ன பாப்பா, உங்க கோழிங்களுக்குப் பிரசவம் முடிஞ்சுதா? நாணல் முத்திட்டே போகுது. அப்புறம் தட்டி பின்ன ஆகாது, அடுப்புலதான் வைக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டத்தில் பதிவேட்டை நான்தான் வாசிக்க வேண்டும். நீ எண்ணித்தானே எழுதினாய்? உடனே பதில் போடு.

உன்,
பூதக்கண்ணாடி

பிப்ரவரி 9

அடியே பூதக்கண்ணாடி,

அன்றைக்கு நான் பார்த்ததும் இரண்டுதான். இரண்டு என்று எழுதியிருந்தால் யார் காத்திருப்பார்கள்? மறுநாளே அரிவாளோடு இறங்கியிருப்பார்கள். பத்தைக் கூட்டினேன், இரண்டு பிழைத்தது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பன்னிரண்டு என்றே வாசி. எனக்காக ஒரு நாள் வாயைக் கட்டு.

குச்சி

பிப்ரவரி 13

அன்புள்ள குச்சிக்கு,

வாசிக்கத்தான் எழுந்தேன். பன்னிரண்டு என்ற எண்ணின் மேல் விரலை வைத்தேன். “இரண்டுதான்” என்றேன். யார் எழுதியது என்று கேட்டார்கள். ‘நாங்கள்’ என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். உன் பெயர் வந்துவிட்டது.

மேஸ்திரி அக்கா கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. “ரெண்டுன்னு சொல்லியிருந்தா அந்த மூலையை விட்டுட்டு மிச்சத்தை அறுத்திருப்போமே. ரெண்டுக்கு நிக்க மாட்டோம்னு உங்களுக்கு யாரு சொன்னா? எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “படிச்ச புள்ளைங்க கணக்கு, நமக்கெல்லாம் புரியாதுக்கா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

இன்று காலை அவர்களே இரண்டு கூடுகளைச் சுற்றி நான்கு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு, மற்றதை அறுக்க இறங்கினார்கள். பாதி நாணல் கையில் எடுத்ததும் ஒடிகிறது.

சொன்னதற்கு நான் வருந்தவில்லை. உன்னைக் கேட்காமல் பெயரைச் சொன்னதற்கு வருந்துகிறேன். இரண்டும் ஒரே பேச்சில் நடந்துவிட்டதால் தூக்கம் வரவில்லை.

உன்,
பூதக்கண்ணாடி

பிப்ரவரி 28

அன்புள்ள குச்சிக்கு,

இரண்டு வாரமாகத் தபால்காரரை வாசலிலேயே மறிக்கிறேன். “உனக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் என்ன எழுதியா கொண்டுவர முடியும்?” என்கிறார்.

முதல் கூட்டில் குஞ்சு பொரித்துவிட்டது. ஐந்து! கரிக்கட்டை போல உடம்பு, யாரிடமோ இரவல் வாங்கியது போல நீளப் பாதம். மேஸ்திரி அக்காதான் முதலில் பார்த்துவிட்டு வகுப்பு ஜன்னலில் வந்து தட்டினார். இனி எண்ணப் போகும்போது அவர்களில் ஒருவரும் கூட வருவாராம்.

பதிவேட்டு விதி உனக்குத் தெரியும். தவறான எண்ணை அழிக்கக் கூடாது. எழுதியவரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியானதை எழுதி, கையெழுத்திட வேண்டும். மன்ற ஆசிரியர் என்னையே கோடு போடச் சொன்னார். மறுத்துவிட்டேன். அந்தத் தாளைக் கழற்றி இதனுடன் வைத்திருக்கிறேன். நீ அனுப்பும் வரை கோப்பில் அந்த இடம் காலியாகவே இருக்கும்.

என்றும் உன்,
பூதக்கண்ணாடி

மார்ச் 6

பூதக்கண்ணாடிக்கு,

தாள் உள்ளே இருக்கிறது. அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபம் இன்னும் போகவில்லை. அதைப் பற்றிக் கேட்காதே.

ஐந்து குஞ்சு என்று எழுதியிருக்கிறாயே, நீ எண்ணினாயா?

குச்சி