அம்பத்தஞ்சு கிலோ

ஆவணி 6, சனிக்கிழமை.

என் பேத்தி காவியா கடலில் பலகைமேல் நின்று துடுப்புப் போடுகிறவள். கோவளத்தில் அவளுக்கு நிகர் யாரும் இல்லை. பெரிய பலகை அலையில் திரும்பமாட்டேன் என்கிறதாம், சின்னது வேண்டுமாம். கரையிலேயே இருக்கும் பலகைக் கடைக்கு நானும் கூடப் போனேன். அவள் உடை மாற்றப் போன நேரத்தில் கடைக்காரர் கேட்டார்.

"ஆயா, பொண்ணு எத்தினி கிலோ? அத வெச்சுதான் பலகை."

"அம்பத்தஞ்சு" என்றேன். பெண் பார்க்க வரும் மதுராந்தகத்துக்காரர்களிடம் சொன்னது அதுதான். வாயில் அதுவே வந்துவிட்டது.

அவர் கொடுத்த பலகையில் ஏறி நின்றவள், பலகையோடு முழங்கால்வரை தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"இன்னா ஆயா சொல்லி வெச்ச? நான் எழுவது கிலோ!"

கரைக்கே கேட்டது. வெட்கமே இல்லை.

கடைக்காரர் கொஞ்சம் பெரிய பலகையாக மாற்றிக் கொடுத்தார். முதல் அலையிலேயே நின்றபடி கரைக்கு வந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் அவள் ஆயா என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன்.

பஸ்ஸில் கேட்டாள்: "மாப்ள வூட்லயும் அதயேதான் சொன்னியா?"

தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

நாளை பத்து மணிக்கு வருகிறார்கள். அவள் கத்துவதற்குள் நானே போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அறுபத்திரண்டு என்று.