ஏழு நாள் பொரிக்கஞ்சி

திருவும் மழையும் குறையாத தண்கரை நாட்டின் அரசியார் நெடுங்கண்ணி தேவியார் திருமுன்னர், ஆழிமலை வேந்தரின் ஆணையால் அமைச்சன் மருதன் பூதன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் கொடியும் நீடு வாழ்க. தங்கள் ஆற்றங்கரை வயல்கள் முப்போகம் விளைக.

தங்கள் மைந்தர், இளவரசர் வெண்கீரனார், உயிரோடு இருக்கிறார். ஒரு தாய் வேறெதையும் படிக்கும் முன் இதை அறியவேண்டும் என்பதால் முதலில் எழுதினோம்.

இரு நாட்டு உடன்படிக்கையின்படி எம் அரண்மனையில் தங்கியிருக்கும் அவருக்கு நஞ்சிட்டோம் என்ற செய்தி தங்கள் செவிக்கு எட்டியதையும், சமைத்தவளை வரும் முழுநிலவுக்குள் ஒப்படைக்காவிடில் தங்கள் படை ஆற்றைக் கடக்கும் என்று தாங்கள் அறிவித்ததையும் எம் வேந்தர் அறிவார். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறோம்.

சமைத்தவள் பெயர் கொற்றி. முன்னைய போரில் கணவனை இழந்தவள். மகன்கள் இருவரும் இன்று ஆற்றங்கரைக் காவலில் நிற்கிறார்கள். அறுவடை விருந்தில் அவள் நெய்யும் மிளகும் பெய்து ஆக்கிய ஆட்டுக்கறியை இளவரசர் மறுக்காமல் உண்டார். மறுநாள் காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். நீர்கூடத் தங்கவில்லை. அதே கறியை உண்ட நூறு பேர் நலமாக இருந்தும், நஞ்சு என்ற சொல் ஊரெங்கும் பரவிவிட்டது.

இளவரசரின் மெய்க்காவலர் தலைவர் அந்துவனார் உருவிய வாளோடு மடைப்பள்ளிக்குள் நுழைந்தார். மற்ற சமையலர்கள் பின்வாசல் வழியே ஓடினார்கள். கொற்றி மட்டும் அடுப்பருகே நின்றுவிட்டாள்.

“நீயே ஆக்கு, நீயே முதல்ல குடி. ஏழு நாள்ல அவர் எழுந்திருக்கலைன்னா நீயும் எழுந்திருக்க மாட்டே” என்றார் அவர்.

அன்று அவள் பாசிப்பருப்பை வேகவைத்து, இரண்டு பல் பூண்டு தட்டிப்போட்டுச் சாறு எடுத்தாள். இளவரசர் மூன்று மிடறு குடித்தார். குடித்த வேகத்தில் கக்கினார். வாள்முனை அவள் கழுத்தைத் தொட்டது. தன் உயிர் அத்தோடு முடிந்தது என்றே எண்ணினாள். ஆயினும் நாக்குழறக் கேட்டாள்: “எதைத் தின்னா உங்களுக்கு வலிக்கும், சாமி? ஒளிக்காமச் சொல்லுங்க.”

பூண்டும் நெய்யும் சிறு வயது முதலே தமக்கு ஆகா என்றும், விருந்தளித்தோர் மனம் நோகலாகாது என்றே கறியை உண்டதாகவும் இளவரசர் அப்போதுதான் வெளியிட்டார்.

கொற்றி எல்லாவற்றையும் ஒதுக்கினாள். நெற்பொரியை மட்டும் நீரில் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடித்து, ஒரு சிட்டிகை இந்துப்புக் கலந்து, இளஞ்சூட்டில் ஊட்டினாள். ஒரு கரண்டிக்கும் அடுத்த கரண்டிக்கும் இடையே நூறு எண்ணினாள். எண்ணும்போதெல்லாம் அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் ஒலி கேட்டதாக அந்துவனார் சொன்னார். மாலைக்குள் ஏழு கரண்டி தங்கியது. மூன்றாம் நாள், தோலும் விதையும் நீக்கிய சுரைக்காயைக் குழைய வேகவைத்து, சீரகம் கொதித்த நீரில் கரைத்து வடித்துக் கொடுத்தாள். அதுவும் தங்கியது.

நான்காம் நாள் தங்கள் போர்முரசு எம் கோட்டைக்குள் கேட்டது. இவ்வோலை எழுதும் அமைச்சன் அச்சத்தால் அறிவிழந்தான். இளவரசரை மதில்மேல் நிறுத்திக் காட்டவேண்டும், எலும்புச்சாறு ஊட்டி இன்றே எழுப்பு என்று கொற்றிக்கு ஆணையிட்டான். அவள் சொன்ன விடையை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறோம்.

“என் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஆத்தங்கரையில நிக்கிறாங்க, ஐயா. உங்களைவிட எனக்குத்தான் அவசரம். ஆனா அந்த வயிறு ஆணைக்கு அடங்காது. இன்னிக்கு எலும்புச்சாறு உள்ளே போச்சுன்னா, நாளைக்குக் காட்ட ஆளே இருக்காது.”

அமைச்சன் தலைகுனிந்து திரும்பினான்.

ஏழாம் நாள் இளவரசர், அரிசியும் பாசிப்பருப்பும் கரையக் காய்ச்சிய கஞ்சியை ஒரு கிண்ணம் குடித்து, சுவரைப் பிடித்தபடி ஆறு அடி நடந்தார். அந்துவனார் வாளை உறையிலிட்டு, அடுப்பருகே உட்கார்ந்து அழுதார்.

ஆயினும் இளவரசருக்குப் பயணம் செய்யும் வலு இன்னும் வரவில்லை. படையோ அக்கரையில் நிற்கிறது. கொற்றியை ஒப்படைக்க எம் வேந்தர் மறுத்தார். கொற்றியோ அவையில் தானாக முன்வந்து, தான் செல்வதாகக் கூறினாள். கூறும்போது முகத்தில் இரத்தமில்லை. கஞ்சியால் உயிர் நிற்குமே அன்றி உடல் தேறாது என்றும், நோயுற்ற சிறு வயதில் அவர் வயிறு எதை ஏற்றது என்பதைப் பெற்ற தாய் ஒருவரே அறிவார் என்றும், அதைக் கேட்டறியாமல் அடுத்த உணவை ஆக்கத் தனக்கு அச்சமாக இருக்கிறது என்றும் அவள் சொன்னாள். வேந்தர் இசைந்தார். தான் திரும்பும்வரை கஞ்சி காய்ச்சி வடிக்கும் முறையை அந்துவனாருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

எம் வேந்தரின் ஆணை ஆற்றின் இக்கரையோடு நின்றுவிடும். அக்கரையில் எமக்கு உள்ளது வேண்டுகோள் மட்டுமே. அரக்கில் எம் வேந்தரின் முத்திரைக்குப் பக்கத்தில் இளவரசர் தம் கையால் தம் கணையாழியைப் பதித்திருக்கிறார். அழுத்தம் குறைந்து பதிந்திருப்பதைக் கண்டு கலங்கற்க.

வேந்தர் பட்டமேறிய பதினோராம் ஆண்டு, தைத் திங்கள், வளர்பிறை ஒன்பதாம் நாள் இவ்வோலை எழுதப்பட்டது. காவலும் வண்டியும் வேண்டாம் என்று மறுத்து, இதைத் தங்கள் கையில் தந்துவிட்டு எதிரே நிற்பவளே கொற்றி. அவள் தங்களிடம் ஒன்று கேட்பாள். அருள்கூர்ந்து, முதலில் அதற்கு விடை சொல்க.