நூறாவது பேர்

1992 ஒக்ரோபர் 6, செவ்வாய்

மழை. வானத்துக் கடல் முழுவதும் என் கூரையில்தான்.

அக்காவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிச் சாவகச்சேரி ஆசுபத்திரிக்கு. செவ்வாய்க்குச் செவ்வாய் இருதய கிளினிக், தவறவிடக் கூடாதாம். திரும்பும்போது எங்கள் ராசவீதியில் (மற்றவர்களுக்கு வெறும் ஒழுங்கை, பள்ளங்களில் கப்பல் ஓடும்) மன்னரும் தமக்கையாரும் சேற்றில். எனக்கு முழங்கை. அக்காவுக்கு மூச்சுத் திரும்ப நெடுநேரம்.

"இனி ஒருக்கா விழுந்தா நான் எழும்பமாட்டன், தம்பி."

மிச்சத் தூரம் அவளைக் கரியரில் இருத்தி, சைக்கிளை உருட்டினேன்.

வாங்க: ரியூப் ஒட்டும் பசை, நெருப்புப்பெட்டி.

ஒக்ரோபர் 8, வியாழன்

மினிபஸ் முதலாளி நடராசாவிடம் தூது: அக்காவின் கிளினிக்குக்குச் செவ்வாயில் பஸ் ஊருக்குள் வரவேண்டும். யுத்தத் தடையால் பெற்றோலைக் கண்ணால் கண்டு இரண்டு வருடம். பஸ் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடுகிறது. பெருந்தெருவோடு போய்விடும். எங்கள் ஊருக்குள் இரண்டு மைல் திரும்ப மனமில்லை.

"உங்கடை ஊரிலை சனம் எங்கை? ஆரை ஏத்த? பேயையோ?"

"நூறு பேருக்குக் குறையாது!" (என் வாய்.)

"அப்ப நூறு பேரையும் எழுதித் தாரும். ஞாயிற்றுக்கிழமை நேரை வந்து பேர் கூப்பிடுவன். உம்மடை வாயை எனக்குத் தெரியும்."

ஒக்ரோபர் 9, வெள்ளி

மாமன்னர் தலைமையில் குடிசனக் கணக்கு. உள்ளவர் நாற்பத்தொருவர், கைக்குழந்தை உட்பட. பிறகு பூட்டிய வீடுகள். கனடா, பிரான்சு, கொழும்பு போனவர்கள் எல்லோரையும் ஒரே பேனையால் திருப்பி அழைத்தேன். செத்தவர்களைச் சேர்க்கவில்லை, எனக்கும் ஒரு நேர்மை உண்டு.

தொண்ணூற்றொன்பது. ஒரு பேர் தட்டுப்பாடு.

தேத்தண்ணி ஆறிப் போனது. பிறகு எழுதினேன்: மகேந்திரன். அக்காவின் ஒரே மகன். போன வருடம் கொழும்புக்கு என்று வெளிக்கிட்டவன். போய்ச் சேரவும் இல்லை, திரும்பவும் இல்லை. செத்தவன் என்றும் ஒருவரும் சொல்லவில்லையே.

சங்கக்கடைப் பங்கீட்டு வரிசையில் வராதவர் பேரைக் கூப்பிட்டால், பக்கத்தில் நிற்பவர் "நிக்கிறார்" என்பது எங்கள் ஊர் வழக்கம். அதையே ஞாயிற்றுக்கிழமையும் செய்யும்படி வீடு வீடாகச் சொல்லியாயிற்று. அக்காவுக்குச் சொல்லவில்லை. எழும்பி வரமாட்டாள்.

ஒக்ரோபர் 11, ஞாயிறு

மழை விட்டது. பிள்ளையார் கோயில் வாசல். நடராசா, கையில் பட்டியல்.

"சிவபாதம்!"

"நிக்கிறார்!" (கனடாவில் பனி அள்ளிக்கொண்டு.)

"பரமேஸ்வரி!"

"குளிக்கிறா!"

"மூண்டு நாளாக் குளிக்கிறாவோ?" என்று ஒரு குரல். சிரிப்பு. நாற்பது வாய்கள் நாலாயிரமாய் முழங்கின. அக்கா குடையோடு வந்து பின்னால் நின்றதை நான் காணவில்லை.

"மகேந்திரன்!"

எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின, அக்காவிடம்.

"ஆர் மகேந்திரன்? நிக்கிறாரோ?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை, நடராசாவைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னும் வரேல்லை, தம்பி. பஸ் உள்ளுக்கு வந்தா நேரை வந்திறங்குவான். உந்த ஒழுங்கையாலை தனிய நடக்கப் பயம் அவனுக்கு."

நடராசா பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். எண்ணிப் பார்க்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வாறன், அக்கா."

வீட்டில் சோறு போட்டுத் தந்தபடி அக்கா கேட்டாள்: "அவனுக்கு எத்தினையாம் நம்பர் போட்டனி?"

"நூறு."

"கடைசியிலையோ?"

ஒக்ரோபர் 13, செவ்வாய்

வெயில். பஸ் வந்தது. ஊர் முழுவதும் வேலியோரம். ஏறியவர் ஒன்பது, அதில் ஐந்து பேர் பெட்டி படுக்கையோடு. திரும்பி வருகிற முகங்கள் இல்லை.

அக்கா நல்ல சேலை உடுத்து, கிளினிக் அட்டையோடு. நடராசா ஹோன் அடித்தார்.

"ஏறக்கா."

"பொறடா. இறங்கிறவை இறங்கட்டும்."

"இறங்க ஒருத்தரும் இல்லையக்கா."

"பின்னுக்கும் பார்."

பார்த்தேன். உள்ளே ஏறி, சீற்றுகளுக்குக் கீழேயும் பார்த்தேன்.

பஸ் போய்விட்டது. அக்கா ஏறவில்லை. "பின்னேரமும் வருமெண்டவர்" என்று ஒழுங்கை முனைக் கல்லில் இருந்துவிட்டாள்.

கிளினிக்குக்கு நேரமாகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்தேன்.