சுரங்க வாசல் பலகை

1902 அக்டோபர், வியாழன்.

பேத்தி எஸ்தர் பள்ளியில் முதல் பரிசு வாங்கினாள். சின்னப் பேரன் மாதா கோயிலில் பாடுகிறான். பெரியவன் சாமுவேல் இருபது வயதிலேயே சுரங்க ஆபீசில் ரைட்டர். இன்று அவன்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

வெடிக்காமல் நிற்கும் டைனமைட் குழிகள் எங்கே என்று, மேலே வரும் ஷிப்ட் ஆட்கள் சுரங்க வாசல் பலகையில் தமிழில் எழுதுவார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த ஷிப்ட் இறங்கும். துரை அழிக்கச் சொன்னாராம், இவன் பலகையில் எழுதியிருந்ததை எல்லாம் துடைத்துவிட்டான்.

"எல்லாத்தையும் இங்கிலீஷ் புக்குல அழகா எழுதிட்டேன் ஆயா."

"புக்கு எங்கடா?"

"ஆபீஸ் பீரோவுல."

"பூட்டி வெச்சா உள்ள போறவனுக்கு இன்னாடா தெரியும்? காலைல உன் சித்தப்பன் இறங்கறான்டா!"

எழுதியதைச் சொல்லடா என்றேன். மூன்றாவது லெவல், கிழக்குச் சுவர், இரண்டு குழி என்றான். நானே சிலேட்டில் பெரிதாக எழுதி, சின்ன மகனிடம் கொடுத்தேன். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் ஏறுமுன் எல்லோருக்கும் படித்துக் காட்டச் சொன்னேன்.

"துரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும் ஆயா."

"அஞ்சாம் கிளாஸ் படிச்சவ எழுதினான்னு சொல்லு. வந்து என்னைக் கேக்கட்டும்."

கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டான். நானும் கூப்பிடவில்லை.