கண் வைக்காத பன்னிரண்டு பொம்மைகள்

திண்டிவனம்,
2.4.1997

அன்புள்ள அஞ்சம்மாளுக்கு,

பரிமளா எழுதுவது. நான் நலம். நீயும் உன் தையல் மிஷினும் நலமா?

மயிலம் திருவிழா முடிந்தது. நீ தைத்து அனுப்பிய துணிப் பொம்மை பன்னிரண்டில் ஒன்றுகூடப் போகவில்லை. வாங்கும் குழந்தையின் எதிரில்தான் கண் தைத்துக் கொடுப்பது என்பது நம் வழக்கமாயிற்றே, ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு மூன்று நாளும் காத்திருந்தேன். எடுத்தார்கள், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள், வைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள், "இன்னாம்மா, கண்ணே இல்லாத பொம்மையா விக்கிற?" என்று சிரித்தாள். நான் விளக்கம் சொல்வதற்குள் ராட்டினத்துப் பக்கம் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த மாதம் மேல்மலையனூர் அமாவாசைக்குக் கடை போட்டுப் பார்க்கிறேன்.

உன் பரிமளா

விழுப்புரம்,
9.4.1997

என் பரிமளாவுக்கு,

கடிதம் கண்டேன். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இங்கே தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்க ஆள் கேட்கிறார்கள். "பொம்மைய கட்டிக்கினு எத்தினி நாளு அழுவ? ஜல்தியா போய் சேரு" என்கிறார் வீட்டுக்காரர். மேல்மலையனூரிலும் போகாவிட்டால் மிஷினைக் கொடுத்துவிட்டுக் கம்பெனிக்குப் போய்விடுவேன்.

பழைய நூல் இற்றுவிட்டது, தூக்கிப் போடு. கண்ணுக்கு நல்ல கறுப்பு நூல் புது அட்டை அனுப்பியிருக்கிறேன்.

அஞ்சு

திண்டிவனம்,
8.5.1997

அடி அஞ்சு,

பன்னிரண்டும் போய்விட்டன! மத்தியானத்துக்குள் பாய் காலி. மணியார்டர் வரும். காலரும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம், நீ பொம்மை தை.

உன் பரிமளா

விழுப்புரம்,
15.5.1997

கண்ணு பரிமளா,

கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மணியார்டரைப் பார்த்ததும் வீட்டுக்காரரே மிஷினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. மிஷினை மிதிக்கும்போதெல்லாம் எங்கோ ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். உள்ளே என் பொம்மை யார் பக்கத்திலோ படுத்திருக்கிறது. எந்தெந்த ஊருக்குப் போயின? தெரிந்ததை எழுதேன்.

அஞ்சு

திண்டிவனம்,
22.5.1997

அன்புள்ள அஞ்சு,

ஒன்று வளவனூரில், ஊஞ்சல் உள்ள வீட்டில் இருக்கிறது. அந்தக் குழந்தை அதை ஆட்டி ஆட்டித் தூங்க வைக்கிறதாம். ஒன்று மரக்காணத்தில், மீன் காயும் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறது. ஒன்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில், ஒரு சின்னப் பெண்ணின் கட்டிலில். மற்றவர்களை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பஸ் கண்டக்டர் பெரியதம்பியிடம் பொம்மை வந்த காலிப் பையைக் கொடுத்திருக்கிறேன். அடுத்ததைப் போட்டு அனுப்பு.

உன் பரிமளா

விழுப்புரம்,
30.5.1997

பரிமளா,

பை வந்தது. அடியில் கறுப்பு நூல் அட்டை கிடந்தது. மேலே சுற்றிய காகிதம்கூடக் கிழியவில்லை. பன்னிரண்டு பொம்மைக்கும் எதால் கண் வைத்தாய்? மணியார்டர் பணம் உன் கம்மலை விற்றதுதானே?

நீ சொன்ன வீடுகளை நம்பி இன்னும் இருபது தைத்துவிட்டேன். கம்பெனியில் என் இடத்தில் வேறொருத்தி சேர்ந்துவிட்டாள். எப்படியடி மனசு வந்தது உனக்கு?

வருகிற அமாவாசைக்கு நானே கடை போடுகிறேன். அந்தப் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு வா.

அஞ்சம்மாள்

விழுப்புரம்,
7.6.1997

அன்புள்ள பரிமளாவுக்கு,

நீ வரவில்லை. பெரியதம்பிதான் அந்தப் பன்னிரண்டும் இருந்த பையை இறக்கினார். "அந்தம்மா மொகமே சரியில்லீங்க" என்றார்.

தனியாகக் கடை போட்டேன். ஒருத்தி பொம்மையைக் கையில் எடுத்தால் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. அவள் கீழே வைத்தால் என்னையே வேண்டாம் என்று வைத்த மாதிரி இருக்கிறது. இதையா எனக்காக மூன்று நாள் தாங்கினாய்? சாயங்காலத்துக்குள் எனக்கு நானே ஒரு பொய்க் கடிதம் எழுதிக்கொள்ளலாம் போலிருந்தது. கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

பாயைச் சுருட்டப் போகும்போது ஒரு சிறுமி வந்தாள். அவள் எதிரிலேயே கண் தைத்தேன், ஒன்று கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "எம்மா, என்னியே பாக்குது!" என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். "வளவனூருங்க" என்றாள் அவள் அம்மா. வீட்டில் ஊஞ்சல் இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நீ எழுதியபடியே இருக்கட்டும்.

மற்றவையெல்லாம் இன்னும் கண் வைக்காமல் தூங்குகின்றன. பாயில் உன் இடத்தைக் காலியாகத்தான் விட்டிருந்தேன். அடுத்த அமாவாசைக்கு வந்து சேர். நூல் அட்டையைப் பிரித்துவிட்டேன்.

உன் அஞ்சு